ஆளில்லா நிலமா அது?

"அங்கே யாருமே இல்லை, ஐயா! அதனால்தான் அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது."

சில திங்களுக்கு முன் என்னிடம் இவ்வாறு கூறியவர், கோலாலம்பூரில் முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் அரை ஏக்கர் நிலம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நகரத்துப் புகை போதும், ஊர்திகளின் இரைச்சல் போதும், அடுக்குமாடிச் சிறை போதும் என்றார். இனிக் காலையில் ஆற்றங்கரையில் உலவலாம். மாலையில் செம்மண் பாதையில் மிதிவண்டி ஓட்டலாம். இரவில் மின்மினி பார்க்கலாம். இதுவே அவருடைய கனவு. நிலத்திற்குச் செல்லும் வழியை அவர் மகிழ்ச்சியோடு விவரித்தார். பூட்டிக் கிடக்கும் ஒரு சிறு மாரியம்மன் கோயில். அதைக் கடந்தால் வரிசையாக நிற்கும் முதிய மாமரங்கள். ஓரிடத்தில் ஒரு வேம்பு. அதன் அருகே சிமெண்டுத் தொட்டி ஒன்று. "நல்ல நிழல், ஐயா" என்றார்.

எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. மாமரங்கள் தாமாக வரிசையில் முளைப்பதில்லை. வேம்பு மலாயாக் காட்டின் மரமன்று. மாரியம்மன் தானே கப்பலேறி வந்தவளல்லள். என் நண்பர் "யாருமில்லை" என்று கண்ட இடத்தில் ஒரு லயம் இருந்திருக்கிறது. லயத்தின் பின்புறத்தில் எவளோ ஒரு தாய், தின்ற மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்து நீரூற்றியிருக்கிறாள். சிமெண்டுத் தொட்டியில் மாலைதோறும் குழந்தைகளைக் குளிப்பாட்டியிருக்கிறாள். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர்க்கே இந்தத் தடயங்களைப் படிக்கத் தெரியவில்லை எனின், நம் கல்வியில் எங்கோ ஒரு பெரும்பிழை நேர்ந்திருக்கிறது. அந்தப் பிழையைக் குறித்தே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நகரை விட்டு நாட்டுப்புறத்திற்குக் குடிபெயர்வதை நான் குறைகூறவில்லை. தூய காற்றை விரும்புவது குற்றமன்று. ஆற்றையும் கடலையும் வயலையும் நேசிப்பவனே மனிதன். 2011-ஆம் ஆண்டு லத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின், கோலாலம்பூரிலிருந்து ஈஜோக் வழியாக இவ்வட்டாரத்திற்கு வருவது எளிதாயிற்று. செக்கிஞ்சானின் நெல்வயல்களைக் காணவும், கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினியைக் காணவும், புக்கிட் மெலாவத்திக் குன்றில் 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைக் காணவும் மக்கள் திரள்கின்றனர். அவர்களுள் சிலர் இங்கேயே தங்கிவிட விழைகின்றனர். தங்கட்டும், வாழட்டும். ஆயினும் வருகின்றவர் எதைக் கண்டு வருகிறார், எதைக் காணாமல் வருகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்நிலத்திற்கு நாம் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பைக் கொடுத்திருக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பரின் விலை ஏறியது. சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கிலும் இருந்த காடுகளும் சதுப்புகளும் வெட்டித் திருத்தப்பட்டன. அவற்றைத் திருத்தும் பணிக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, ரிவர்சைட், கோல்ஃபீல்ட்ஸ், துவான் மீ என்னும் தோட்டப் பெயர்கள் நம் பாட்டன்மாரின் நாவில் தம் சொந்த ஊர்ப் பெயர்களைப் போலப் புழங்கின. அக்காலத்தில் இந்த "இயற்கை" அவர்களுக்குக் காற்று வாங்கும் இடமாக இருக்கவில்லை. அது காய்ச்சலின் இருப்பிடமாக இருந்தது. 1901-இல் மல்காம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்க முற்பட்டதும், பின்னர்த் தோட்டங்களில் மலேரியாவைப் பற்றி ஆராய்ந்து 1911-இல் நூல் எழுதியதும் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. அந்த வரலாற்றின் மறுபக்கத்தில் பெயரில்லாமல் புதைந்தோர் நம்மவர். இன்று நாம் ஆழ மூச்சிழுத்து "என்ன தூய்மை!" என்று வியக்கும் காற்று, அவர்கள் நடுங்கிக்கொண்டே சுவாசித்த காற்று.

"திறந்தவெளி வாழ்க்கை" என்று இன்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வாழ்க்கை நமக்குப் புதிதா? விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மரம் வெட்டிய என் தாய் வாழ்ந்தது திறந்தவெளி வாழ்க்கையே. கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வாளியைத் தோளில் சுமந்து அவள் நடந்த தொலைவை யாரும் உடற்பயிற்சி என்று அழைக்கவில்லை. அட்டை கடித்த காலோடு அவள் வீடு திரும்பியதை யாரும் வீரப்பயணம் என்று பாராட்டவில்லை. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. நகரவாசிக்கு மழை அழகு. அவளுக்கு மழை பட்டினி. தோட்டம் பொன்னுலகம் என்று கதை கட்டுவோரையும் நான் ஏற்பதில்லை. அங்கே கள்ளுக்கடை இருந்தது, கடன் இருந்தது, கிராணியின் வசவு இருந்தது. அவற்றுக்கு நடுவே மனிதர்கள் இருந்தனர் என்பதே நான் வற்புறுத்துவது.

மிதிவண்டியைப் பற்றி நண்பர் ஆவலோடு பேசினார். ஆதலின் மிதிவண்டியைப் பற்றியே ஒரு செய்தி சொல்கிறேன். 1941-ஆம் ஆண்டு கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்கும் பரவியது ஒரு வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் என்பவர் அதன் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. பெண்களின் மானங்காத்தல் இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. அவற்றோடு மற்றொன்றும் இருந்தது. வெள்ளைத் துரையும் தோட்டத்து உத்தியோகத்தரும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது! நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு மே திங்களில் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர் உயிர் நீத்தனர்.

இன்று வார இறுதியில் பளபளக்கும் மிதிவண்டிகளில் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் விரைந்து செல்வோரைக் காண்கிறேன். அவர்களுள் நம் இளைஞரும் உளர். அவர்கள் எவர்க்கும் இறங்கி வழிவிட வேண்டியதில்லை. நல்லது, மிக நல்லது. ஆனால் அந்தப் பாதையில் இறங்காமல் செல்லும் உரிமைக்காக ஒரு தலைமுறை போராடியது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோமா? நம் வகுப்பறைகளில் இச்செய்தி ஒரு நாளேனும் ஒலித்ததுண்டா?

இனி, அந்நிலம் எவ்வாறு "யாருமில்லாத" நிலமாயிற்று என்பதைப் பார்ப்போம். 1950களில் வெள்ளையர் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த அத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து 1962-இல் அறிக்கையாகவே வெளியிட்டார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அடுத்து ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டனர். ரப்பர்த் தோட்டத்தில் நாள்தோறும் மரம் சீவும் வேலை உண்டு. செம்பனைக் குலையைச் சில நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆகவே ஏக்கருக்குத் தேவைப்படும் கைகள் குறைந்தன. அந்தக் குறைந்த வேலைக்கும் பின்னர் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். இறுதியாக நகரமயமாக்கம் வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. கோல்ஃபீல்ட்ஸ் தோட்டத்தின் பெயரை இன்று ஒரு புதிய நகரியம் சூடிக்கொண்டிருக்கிறது. பெயர் தங்கிவிட்டது, அங்கே பால் வெட்டியோர் சிதறிவிட்டனர். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பழம்பெயரோ 2007-இல் பெஸ்தாரி ஜெயா என மாறிற்று. பழைய பெயரைச் சொன்னால்தான் நம் முதியோர்க்கு வழி விளங்குகிறது.

தோட்டத் தொழிலாளியின் வீடு அவனுடையதன்று. வேலை உள்ளவரை வீடு; வேலை முடிந்தால் வெளியேற வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கூறிற்றே அன்றி, அது எவனுக்குச் சொந்தமாக வேண்டும் என்று கூறவில்லை. அதன் விளைவை அறிய வேண்டுமாயின் அண்டை மாவட்டமாகிய உலுசிலாங்கூரைப் பாருங்கள். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள், தோட்டம் கைமாறிய பின் இருபதாண்டுக்கும் மேலாகச் சொந்த வீட்டிற்குக் காத்துக் கிடந்தன. 2020களில்தான் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் உருப்பெறத் தொடங்கியது. அதற்குள் வீட்டைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் கண்மூடினரோ! ஒருபுறம் ஓய்வுக்காக அரை ஏக்கர் வாங்குவோர். மறுபுறம் மூன்று தலைமுறை உழைத்தும் ஓர் அறைக்கு உரிமையற்றோர். இருவரும் ஒரே வட்டாரத்தில் ஒரே காற்றையே சுவாசிக்கின்றனர்.

"அவர்கள் தாமாகவே பட்டணத்திற்குப் போய்விட்டார்களே, யார் விரட்டினார்கள்?" என்று கேட்போர் உளர். இதில் பாதி உண்மை உண்டு. தாமாகச் சென்றோரும் இருந்தனர். அவர்கள் சென்றது சரியே. தோட்டத்திலேயே கிடந்து அழிக என்று எவரையும் சபிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் வீடு இடிபடும் என்ற அறிவிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிப் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டவர்களைத் "தாமாகச் சென்றோர்" என்பது நா கூசாத பொய்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. "படி, இல்லையேல் உன் அப்பனைப் போல் மரம் வெட்டப் போவாய்" என்று எத்தனை முறை வகுப்பில் முழங்கியிருப்போம்! பிள்ளை முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான் சொன்னோம். ஆனால் அந்தச் சொல்லால் அவன் தந்தையின் தொழிலை அவன் கண்ணெதிரே இழிவாக்கினோம். தோட்டத்தை மறக்கக் கற்பித்தோம். மறக்கக் கற்ற மாணவன், முப்பதாண்டு கழித்துக் கையில் பணத்தோடு திரும்பி வந்து, "இங்கே யாருமே இல்லை" என்கிறான். நாம் கற்பித்த பாடத்தைத்தான் அவன் ஒப்புவிக்கிறான்.

நாட்டுப்புறத்திற்குச் செல்வோர் அமெரிக்க அறிஞர் தோரோவை மேற்கோள் காட்ட விரும்புவர். 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தனிக்குடில் அமைத்து வாழ்ந்தவர் அவர். ஆனால் அவர் எழுதிய நூலில் ஓர் இயலை நம்மவர் படிப்பதில்லை போலும். தமக்கு முன் அக்காட்டில் வாழ்ந்து மறைந்த எளியோரைப் பற்றியே அந்த இயலைத் தொடங்குகிறார். கேட்டோ, சில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன் என அடிமைத்தளையில் உழன்ற கறுப்பின மக்களின் பெயர்களைக் குறிப்பிடுகிறார். இடிந்த குழிகளையும் தூர்ந்த கிணறுகளையும் தேடிப் பார்க்கிறார். தனிமையை நாடிச் சென்ற தோரோவே "இங்கே யாருமில்லை" என்று எழுதவில்லை. தமக்கு முன்னிருந்தோரின் பெயரைக் கேட்டறிந்து எழுதினார். அவரைப் போல் குடில் கட்ட விரும்புவோர் அவரைப் போல் கேட்கவும் கற்க வேண்டாவா?

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தொல்காப்பியம் என்ன கற்பிக்கிறது? நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் கூடிய இடமே தமிழனுக்குத் திணை. தஞ்சோங் காராங்கின் வயல் மருதம். கோலசிலாங்கூரின் கழிமுகம் நெய்தல் என்று நாம் மாணவர்க்கு எளிதாக எடுத்துக்காட்டலாம். ஆனால் என் நண்பர் கண்டது முதற்பொருளை மட்டுமே. தெய்வம் பூட்டிக் கிடக்கிறது, தொழில் மறைந்தது, பறை ஓய்ந்தது. இவற்றை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் காண்பது நில அளவையாளரின் பார்வை. அது திணை கற்றவனின் பார்வை ஆகாது.

மின்மினியைச் சான்றாகக் கொள்ளுங்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரமாய் அமர்ந்து, ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணையும் மின்மினிகளைக் காண உலகெங்குமிருந்து வருகின்றனர். படகில் அமர்ந்தவர்க்கு மரம் மட்டுமே தெரியும். அம்மரத்திற்குப் பின்னே இருளில் கிடக்கும் ஈரமண்ணில்தான் மின்மினியின் புழுக்கள் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அந்த ஈரமண்ணை மேடாக்கிக் கட்டடம் எழுப்பினால், கரையோர மரத்தை மட்டும் காத்து என்ன பயன்? ஒளி வந்த வழி அடைபட்டுப்போம். மக்கள் வாழ்வும் அத்தகையதே. நாம் வியந்து பார்க்கும் பசுமைக்குப் பின்னே ஒரு பள்ளி, ஒரு கோயில், ஓர் இடுகாடு, சில முதியோர் இருளில் இருக்கின்றனர். அவர்களையும் சேர்த்தே அந்நிலம்.

ஆகவே அங்குக் குடியேற விரும்புவோரிடம் நான் மூன்று கடமைகளை முன்வைக்கிறேன்.

முதற்கடமை பள்ளி. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. மறைந்தவற்றுள் மிகப் பல தோட்டத்துப் பள்ளிகள். எஞ்சியவற்றுள் நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்ட சிறு பள்ளிகள் பல. வாழ்வதற்கு நாட்டுப்புறம், பிள்ளைக்கு மட்டும் நகரத்துப் பள்ளியா? காற்று வேண்டும், பள்ளி வேண்டா என்பவர் அவ்வூருக்கு விருந்தாளியே அன்றிக் குடிமகனாகார். இளந்தம்பதியர் தம் பிள்ளைகளை அண்மைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரோ வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகளை அப்பள்ளியின் பிள்ளைகளுக்கு அளிக்கட்டும்.

இரண்டாம் கடமை நிலம். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தால் அச்சங்கம் 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. கூலி வாங்கிய கைகளே அதைச் செய்து காட்டின. ஓய்வூதியமும் சேமநிதியும் பெறும் நாம் ஏன் தனித்தனியே அரை ஏக்கர் தேடி அலைகிறோம்? பத்துப் பேர் கூடி நிலம் வாங்கி, அதில் இரண்டு மனைகளை வீடற்ற தோட்டத்துக் குடும்பங்களுக்கு எளிய விலையில் ஒதுக்கினால் நம் காற்று குறைந்துவிடுமா? அண்டை வீட்டில் ஆளிருந்தால் அமைதி கெட்டுவிடும் என அஞ்சுவோர் நாட்டுப்புறத்தைத் தேடவில்லை, வேலியைத் தேடுகின்றனர்.

மூன்றாம் கடமை மாணவர்க்குரியது. உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எத்தனையாம் நம்பர் லயத்தில் குடியிருந்தார், எந்த ஆண்டு வெளியேறினார் என்று கேட்டு எழுதுங்கள். தோட்டத்து இடுகாடு எங்கே உள்ளது, கோயில் எப்போது கட்டப்பட்டது, அதன் சாமி சிலை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். பிழையின்றி எழுதுவது பிறகு வரட்டும். பெயர்கள் மறையுமுன் எழுதிவிடுங்கள். அந்தப் பெயர்களை அறிந்த முதியோர் ஒவ்வொரு திங்களும் குறைந்துகொண்டே வருகின்றனர். பயிற்சி ஏட்டில் "என் விடுமுறை" என்று எழுதச் சொல்லும் ஆசிரியர் ஒருமுறை "என் பாட்டியின் தோட்டம்" என்று எழுதச் சொல்லட்டும்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "ஓய்வெடுக்கப் போகிறவன் தலையில் ஒரு நூற்றாண்டை ஏற்றிவைக்கிறீர்களே!" என்றார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாழ்நாள் முழுதும் உழைத்தவர்க்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்த மாமரத்தை நட்டவளுக்கு ஓய்வு கிடைத்ததா என்று நான் கேட்டபோது அவர் மறுமொழி கூறவில்லை.

அவர் அந்நிலத்தை வாங்கட்டும். வீடு கட்டட்டும். விடியற்காலையில் நடக்கட்டும். நடக்கும்போது அந்தக் கோயிலின் பூட்டுக்குச் சாவி யாரிடம் உள்ளது என்று ஒருமுறை கேட்கட்டும். பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ எங்கேனும் ஒரு தாமான் வீட்டின் பின்கட்டில் அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு மூதாட்டி இருப்பாள். அவளைத் தேடிப் போகட்டும். அவளிடம் பேசி முடித்தபின், "அங்கே யாருமே இல்லை" என்று சொல்ல அவர்க்கு மனம் வருமா என்பதையும் பார்ப்போம்.